கறிக்கு வளர்க்கும் கோழி என்ன இனம்? குஞ்சு வாங்கும் முன் வரும் கேள்விகள்

கறிக்குத்தானே வளர்க்கிறோம், இனம் தெரிந்துதான் ஆக வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும். கறிக்கு வளர்ப்பவரின் கணக்கு முழுக்க இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது: எத்தனை நாளில் விற்பனை எடை வரும், ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் போகும். வெள்ளைக் கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். கிலோவுக்கு ஒன்றே முக்கால் கிலோ தீவனத்துக்குள் முடிந்துவிடும். அசல் நாட்டுக்கோழி ஒரு கிலோவுக்கு வர நான்கு மாதம் எடுக்கும். தீவனத்தை விலைக்கு வாங்கியே போட்டால் கிலோவுக்கு நான்கு கிலோ வரை தின்னும். கலப்பினங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்.

நாட்டுக்கோழி விலை கிடைக்கும் என்று நம்பிக் கலப்பினத்தை வாங்கினால் விற்கும் இடத்தில் அடி. கலப்பினம் என்று நம்பி அசலை வாங்கினால் தீவன மூட்டையில் அடி. இரண்டுமே வாங்கிய நாளில் தெரியாது, இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம்.

பல்லடம், உடுமலைப் பக்கம் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. குஞ்சும் தீவனமும் கம்பெனியே இறக்கிவிடும். சொந்தக் காசில் குஞ்சு வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

சந்தையில் "நாட்டுக்கோழி" என்ற பெயரில் என்னென்ன விற்கிறார்கள்?

ஒரே பெயரில் குறைந்தது ஐந்து வகைச் சரக்கு ஓடுகிறது.

முதலாவது, அசல் நாட்டுக்கோழி. இதில் சிறுவிடை, பெருவிடை என்று இரண்டு வாட்டம். சிறுவிடை வீட்டு முற்றத்தில் மேய்கிற சின்ன உடம்புக் கோழி. பெருவிடை, அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தின் ரத்தம் உள்ள பெரிய கோழி.

இரண்டாவது, புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கலப்பினங்கள். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் உருவான கிரிராஜா, நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழிகள், தனியார் உருவாக்கிய குரோய்லர், ரெயின்போ ரூஸ்டர் எல்லாம் இந்தக் கூட்டம். வங்கதேசத்தில் உருவாகி இங்கே வரைக்கும் வந்துவிட்ட சோனாலியையும் இதில் சேர்க்கலாம். அது ரோட் ஐலண்ட் ரெட் சேவலுக்கும் எகிப்தின் ஃபயூமி பெட்டைக்கும் பிறந்தது. உடம்பு மெலிந்து, பார்க்க அப்படியே நாட்டுக்கோழி மாதிரி இருக்கும். நிறைய பேர் ஏமாறுவது இதில்தான்.

மூன்றாவது, கலர் பிராய்லர், அதாவது நிற இறகுள்ள கறிக்கோழி. நான்காவது, முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சு. ஐந்தாவது, முட்டை முடிந்து கழித்த பழுப்பு முட்டைக்கோழி. ஒன்றரை வருடம் கூண்டில் முட்டையிட்ட பெட்டை, சிவப்பு இறகோடு சந்தைக்கு வந்து "நாட்டுக்கோழி" ஆகிவிடுகிறது.

வனராஜாவையோ குரோய்லரையோ குறை சொல்லவில்லை. அவை நல்ல கோழிகள், உழைப்புக்குப் பலன் தருகிறவை. அவற்றை அவற்றின் பெயரிலேயே விற்க வேண்டும், வாங்க வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

நிறத்தைப் பார்த்து இனம் சொல்லலாமா?

முடியாது. இனம் காண நினைப்பவர் முதலில் மறக்க வேண்டியது நிறத்தைத்தான்.

நம் ஊர்க் கோழிக்கு நிலையான நிறம் கிடையாது. ஒரே அடையில் செவலை, கருப்பு, கீரி, வெள்ளை, புள்ளி எல்லாம் பொரிக்கும். கலப்பினங்களை உருவாக்கியவர்களும் நாட்டுக்கோழி மாதிரித் தெரிய வேண்டும் என்றே பல நிறம் வரும்படி செய்திருக்கிறார்கள். அதனால் நிறம் கலந்திருக்கிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. நிறத்தால் ஒன்றை மட்டும் சந்தேகிக்கலாம். ஐந்நூறு குஞ்சும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம், ஒரே உயரமாக இருந்தால் அது ஊர்க் கோழியின் குஞ்சு இல்லை, பண்ணைத் தாய்க்கோழிக் கூட்டத்திலிருந்து வந்தது.

ஒரு நாள் குஞ்சில் எதைப் பார்ப்பது?

தராசை எடுங்கள். பொரித்த குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அசல் நாட்டுக்கோழி முட்டை 40 முதல் 45 கிராம், அப்படியானால் குஞ்சு 30 கிராமை ஒட்டி நிற்கும். கறிக்கோழித் தாயின் முட்டை 60 கிராமுக்கு மேல், குஞ்சு 40 கிராமைத் தாண்டும். கலப்பினத் தாய்களின் முட்டையும் பெரும்பாலும் 50 கிராமுக்கு மேல்.

ஒரு குஞ்சை மட்டும் நிறுக்காதீர்கள். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பத்துக் குஞ்சை ஒன்றாக விடுங்கள். 300 கிராமை ஒட்டி வந்தால் நாட்டுக்கோழி என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. 400 கிராம் வந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் அது நாட்டுக்கோழிக் குஞ்சு இல்லை. பெருவிடைக் குஞ்சு மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். இளம் தாயின் சிறு முட்டையில் பொரித்த கலப்பினக் குஞ்சும் எடை குறைவாகவே வரும். ஆக, எடை கூடினால் அது அசல் இல்லை என்று சொல்லிவிடலாம். குறைந்தால் அசல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கால் தடிமனையும் பாருங்கள். கறிக்கோழி ரத்தம் உள்ள குஞ்சுக்குப் பொரித்த அன்றே கால் தடித்து, பாதம் அகன்று இருக்கும். நாட்டுக் குஞ்சின் கால் மெலிந்து, கை பட்டதும் துள்ளி ஓடும்.

வளர்ந்த கோழியில்?

இங்கேதான் கண்ணுக்கு வேலை. ஒரே அடையாளத்தை நம்பாமல் நாலைந்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மூக்கு. மேல் அலகின் நுனி மழுங்கியோ கீழலகைவிடக் குட்டையாகவோ இருந்தால் அது மூக்கு வெட்டிய கோழி. கொட்டகையில் நெருக்கி வளர்க்கும்போது ஒன்றையொன்று கொத்தாமலிருக்க வெட்டுவார்கள். மூக்கு வெட்டிய கோழியைக் காட்டி "தோட்டத்தில் மேய்ந்தது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நகர்ந்துவிடலாம். இனத்தைச் சொல்லாவிட்டாலும் வளர்ப்பைச் சொல்லிவிடும் அடையாளம் இது.

அடுத்து கொண்டைப் பூ. நெட்டுக்குத்தாய்ப் பல் பல்லாக நிற்பது கத்திப்பூ. சிறுவிடை, கடக்நாத் என்னும் கருங்கோழி, பெரும்பாலான கலப்பினங்கள், முட்டைக்கோழி எல்லாவற்றுக்கும் இதுதான். தலையோடு ஒட்டித் தாழ்ந்து, மூன்று வரியாகக் கிடப்பது அசில் வழியின் அடையாளம். இந்தத் தாழ்ந்த பூ பரம்பரையில் மேலோங்கி வரும் குணம். அதனால் அசில் சேவலைப் பிற பெட்டையோடு சேர்த்தாலும் குஞ்சுகளுக்கு இந்தச் சாயல் வந்துவிடும். பூ தாழ்ந்திருக்கிறதென்றால் அசில் ரத்தம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு அசில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது கால். மஞ்சள் காலைக் கண்டதும் பிராய்லர் என்று சிலர் ஒதுக்குகிறார்கள், அது தவறு. கோழிக்கு மஞ்சள் தோல் தந்த மரபணு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் மரபணு ஆய்வில் தெரிய வந்தது. ஆகவே அசல் நாட்டுக்கோழிக்கும் மஞ்சள் கால் இருக்கலாம், வெள்ளை, பச்சை கலந்த சாம்பல், கருப்பும் இருக்கலாம். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, உடம்போடு ஒப்பிட்ட தடிமனை.

நான்காவது நடத்தை. மாலையில் போய்ப் பாருங்கள். நாட்டுக்கோழி பொழுது சாய்ந்ததும் உயரம் தேடும், மரக்கிளையோ கூரையோ எதுவானாலும். கலர் பிராய்லர் தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பகலில் தீவனம் வைக்காமல் ஒரு மணி நேரம் விட்டால் நாட்டுக்கோழி கிளறப் போய்விடும். மற்றது உங்கள் காலையே சுற்றும்.

பெட்டையாக இருந்தால் அடை உட்காருகிறதா என்று கேளுங்கள். சிறுவிடை பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். வனராஜா, கிராமப்பிரியா, முட்டைக்கோழி இனங்களில் அந்தக் குணத்தைத் தேர்விலேயே கழித்துவிட்டார்கள்.

பெருவிடை, அசில் இரண்டும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகத்தான் வழங்குகிறது. நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, அகன்ற மார்பு, உடம்போடு ஒட்டிய இறகு, இல்லை என்னும் அளவுக்குச் சிறிய தாடி, தாழ்ந்த வால் இதெல்லாம் அசில். சேவல் மூன்று நான்கு கிலோ, பெட்டை இரண்டிலிருந்து மூன்று கிலோ வரும். ஆனால் மெதுவாக வளரும், முட்டை மிகக் குறைவு. இளஞ்சேவல்கள் மூன்று மாதத்துக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்துவிடும், பிரித்து வைக்க இடம் வேண்டும். தூய அசிலை மந்தையாகக் கறிக்கு வளர்ப்பது கட்டுப்படியாகாது. நல்ல அசில் சேவல் ஒன்றைச் சிறுவிடைப் பெட்டைகளோடு விட்டு, பிறக்கும் குஞ்சைக் கறிக்கு வளர்ப்பது கிராமங்களில் வழக்கம். எங்கள் பார்வையில் இதுதான் புத்திசாலித்தனமான வழி.

கிளிமூக்கு விசிறிவால் சேவல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை அழகுக்கும் கண்காட்சிக்கும் வளர்ப்பவை, கறிக் கணக்கில் வராது.

கருங்கோழி என்று விற்பது உண்மையான கடக்நாத் தானா?

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் மாவட்டங்களில் பில் பழங்குடி மக்கள் வளர்த்து வந்த கோழி இது. ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு நாடெங்கும் கிராக்கி, கூடவே போலியும்.

தோலைக் கருப்பாக்கும் மரபணு மேலோங்கி வரக்கூடியது. கடக்நாத் சேவலை வேறு பெட்டையோடு சேர்த்தாலும் குஞ்சுகளில் கருப்பு ஏறிவிடும். அதனால் தோல் கருப்பு என்பதோடு நிறுத்தாதீர்கள். வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். பூவையும் தாடியையும் வெளிச்சத்தில் பாருங்கள், சிவப்பு தெளிவாகத் தெரிந்தால் கலப்பு என்று சந்தேகிக்கலாம். கால் அடிப்பாதம், நகம் வரை கருமை இருக்க வேண்டும். இறகு முழுக் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளிக் கோடும் பொன்னிறமும் கலந்த வகைகளும் கடக்நாத்தில் உண்டு.

முட்டை கருப்பாக இருக்காது, வெளிர் பழுப்புதான். கருப்பு முட்டை என்று காட்டினால் அது ஏமாற்று.

எடையும் சொல்லிவிடும். முழு வளர்ந்த சேவலே இரண்டு கிலோவுக்குள்தான். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வரும் கருங்கோழி என்று குஞ்சு விற்றால் அது கடக்நாத் இல்லை. குஞ்சை அதிக விலைக்குக் கொடுத்து, வளர்ந்த கோழியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் நீட்டுகிறவர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு திட்டங்கள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் சேமிப்பைத் தொலைத்தன என்பதைக் கொங்கு நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கழுத்தில் இறகே இல்லாத கோழிகள் நோய்ப்பட்டவையா?

இல்லை. அது பரம்பரைக் குணம், வெயில் நாட்டுக்கு வரம். உடம்பிலும் இறகு குறைவு என்பதால் சூடு எளிதில் வெளியேறும், கோடையில் மற்ற கோழி மூச்சிரைக்கும்போது இது தின்றுகொண்டிருக்கும். கழுத்தின் முன்புறம் அடியில் ஒரு கொத்து இறகு இருந்தால் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குணம் வந்திருக்கிறது. சுத்தமாக மொட்டை என்றால் இருவரிடமிருந்தும். அப்படிப்பட்ட சேவலை எந்தப் பெட்டையோடு விட்டாலும் எல்லாக் குஞ்சுக்கும் மொட்டைக் கழுத்து வரும். கறிக்கு மந்தை அமைப்பவர்கள் இதைத் தேடி வாங்கலாம்.

வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஒரே மாதிரித் தெரிகின்றன. எது கறிக்கு?

வனராஜா. உடம்பு கனம், கால் நீளம், நல்ல தீவனத்தில் மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ பக்கம் வரும். கிராமப்பிரியா முட்டைக்காகச் சாய்த்து உருவாக்கியது. பெட்டை வருடத்துக்கு 200 பழுப்பு முட்டைக்கு அருகில் இடும், சேவல்தான் கறிக்கு. குஞ்சில் வேறுபாடு காண்பது கடினம் என்பதால் பொரிப்பகத்தின் ரசீதில் இனப் பெயரை எழுதி வாங்குங்கள்.

கலப்பினம் இட்ட முட்டையை அடைவைத்து அடுத்த மந்தையை நாமே உருவாக்கலாமா?

பொரிக்கும். ஆனால் வாங்கிய கோழி மாதிரியே வராது. கலப்பினம் என்பது தனித்தனியாகப் பேணிய இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்ததால் வந்த ஒரு தலைமுறைப் பலன். அடுத்த தலைமுறையில் அது சிதறிவிடும். ஒன்று பெரிதாகும், ஒன்று குறுகும், ஒரே நாளில் விற்க முடியாத மந்தையாகிவிடும். அசல் நாட்டுக்கோழியில் இந்தச் சிக்கல் கிடையாது. சேவலை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேறு ஊரிலிருந்து மாற்றினால் போதும், தகப்பன் மகள் சேர்க்கை வராது.

தெருவில் சாயம் பூசிக் கூடையில் விற்கும் குஞ்சுகள்?

முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டைப் பண்ணைக்குத் தேவைப்படாதவை என்பதால் சல்லிசாக வருகின்றன. வெள்ளை இறகு, பெரிய கத்திப்பூ, வெள்ளைக் காது மடல் என வளர்ந்ததும் தெரிந்துவிடும். பழுப்பு முட்டைக்கோழியின் சேவல் குஞ்சு மஞ்சள் கலந்த வெள்ளையாகவும், பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் பொரிக்கும், அதை வைத்தே பிரிப்பார்கள். கறிக்கு வளர்த்தால் தீவனம்தான் போகும், மார்பில் சதை ஏறாது.

கலர் பிராய்லரை ஊசி போட்டு வளர்த்ததால் சீக்கிரம் பருக்கிறதா?

ஊசியால் இல்லை. பல தலைமுறை வேகமாக வளர்கிறதையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதும், அதற்கேற்ற தீவனமும்தான் காரணம். வெள்ளைக் கறிக்கோழிக்கும் இதே பதில். ஹார்மோன் ஊசி என்ற பேச்சை ஒரு பண்ணையாளராவது நம்பாமலிருந்தால் நல்லது, வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியவர் அவர்தான்.

வாங்கியாயிற்று. என்ன இனம் என்று இனி எப்படி உறுதி செய்வது?

வாரம் ஒரு நாள், காலையில் தீவனம் வைக்கும் முன், இருபது கோழியைக் கண்ணை மூடிப் பிடிப்பது போலப் பொறுக்காமல் பிடித்து எடை போட்டு, நோட்டில் எழுதுங்கள். எட்டாவது வாரத்தில் எண் தானே பேசும். நல்ல தீவனத்தில் சராசரி அரைக் கிலோவுக்குள் நின்றால் அசல் நாட்டுக்கோழி. முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்றால் புறக்கடைக் கலப்பினம். ஒன்றரைக் கிலோ என்றால் கலர் பிராய்லர். சோனாலி மட்டும் முக்கால் கிலோவை ஒட்டி நின்று குழப்பும்.

சராசரியைவிட முக்கியம், எடைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது. ஊர்க் கோழியில் 300 கிராமும் இருக்கும், 550-உம் இருக்கும். பண்ணைக் கலப்பினம் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். கழிச்சலோ குடற்புழுவோ இருந்தால் எந்த இனமும் எடை குறையும், அந்த வாரக் கணக்கை நம்ப வேண்டாம்.

வெட்டிய கறியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

வயதைச் சொல்லலாம், இனத்தை ஓரளவுதான். மார்பெலும்பின் பின் நுனியை அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் இளங்கோழி, கல்லாக இருந்தால் முற்றியது. தோலுக்கடியிலும் வயிற்றிலும் மஞ்சள் கொழுப்புக் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் கழித்த முட்டைக்கோழி. நாட்டுக்கோழியில் மார்பைவிடத் தொடையில்தான் சதை திரண்டிருக்கும், தொடைச் சதை மார்புச் சதையைவிட நன்றாகவே கருத்திருக்கும்.

நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசி வேண்டாம் என்கிறார்களே?

இதைக் கேட்டுத்தான் மந்தை மந்தையாகப் போகிறது. கோழிக்கழிச்சல் என்றும் சொல்லும் வெள்ளைக்கழிச்சலுக்கு இனம் தெரியாது. முதல் வாரம் லசோட்டா சொட்டு (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து), இரண்டாவது வாரம் கம்போரோ நோய்க்கு, நான்காவது வாரம் மறுபடி லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. நாட்டுக்கோழிக்கும் இதே வரிசைதான். அரசு கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, முற்றத்தில் பத்துக் கோழி வைத்திருப்பவர்களும் கொண்டுபோகலாம்.

குஞ்சு விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

"தாய்க்கோழியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அசல் என்று சொல்பவர் தாய்க்கோழிக் கூட்டத்தையோ முட்டை சேகரிக்கும் வீடுகளையோ காட்ட முடிய வேண்டும். நோய்த் தடுப்புக்காகக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள், அது நியாயம். வெளியிலிருந்தோ வீடியோவிலோ காட்டலாம். பிறகு, எட்டாவது வார எடை எவ்வளவு வரும் என்று கேட்டு அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மரேக்ஸ் நோய்த் தடுப்பூசி போட்டார்களா என்றும் கேளுங்கள், அது பொரித்த அன்றே போட வேண்டியது. முதல் முறை ஐம்பது குஞ்சுக்கு மேல் எடுக்காதீர்கள். எட்டு வாரம் எடை போட்டுப் பார்த்து, சொன்ன எடையும் வந்த எடையும் ஒத்துப்போனால் அதே இடத்தில் ஐந்நூறு எடுக்கலாம்.